பித்தம்மாவும் எண்ணெய் தின்ற மீன்களும்

பெற்றோர் அவளுக்கு ஆசையாக ஒரு பெயர் வைத்திருந்தார்கள். சம்பளப் பட்டியலைத் தாண்டி அந்தப் பெயருக்கு வேலை கிடைக்கவில்லை. துறைமுகத்துக்குப் பின்னால், உப்புக்காற்றில் சுவர்ப்பூச்சு உதிர்ந்துகொண்டிருந்த மீன் ஆய்வகத்தில் வாசல் காவலாளி முதல் இயக்குநர் வரை எல்லோருக்கும் அவள் பித்தம்மாதான். மீனின் பித்தப்பையை ஆராய்கிறவள் என்பது ஒரு காரணம். அதைப் பற்றி வாயைத் திறந்தால் மூடமாட்டாள் என்பது மற்றொன்று. "இந்தம்மாவுக்குப் பித்தம் தலைக்கேறிடுச்சு" என்று கணக்குப் பிரிவு ஆள் ஒருநாள் சொல்லப்போக, அது அப்படியே ஒட்டிக்கொண்டது. முதலில் கோபப்பட்டாள். பிறகு தொலைபேசியை எடுத்தால் தானே "பித்தம்மா பேசறேன்" என்று சொல்கிற அளவுக்கு வந்துவிட்டாள்.

பித்தத்தை அவள் தேடிப் போகவில்லை. கல்லூரியில் ஆராய்ச்சித் தலைப்புகளைப் பங்கு போட்ட அன்று அவளுக்குப் பல்வலி. மறுநாள் வீங்கிய கன்னத்தோடு போய் நின்றபோது நல்லதெல்லாம் போயிருந்தது. பவளப்பாறையை ஒருத்தி எடுத்திருந்தாள். திமிங்கிலத்தை ஒருவன் எடுத்திருந்தான். அந்தக் கடலில் திமிங்கிலமே கிடையாது என்பதால் அவனுக்கு வேலையும் கிடையாது. செவுள், செதில், கண், வால் என்று மீனையே கூறுபோட்டு எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். பந்தி முடிந்தபின் வந்தவளுக்கு அடிச்சட்டியைச் சுரண்டுகிறவர்போல் பேராசிரியர், "பித்தம் இருக்கும்மா, எடுத்துக்கறியா?" என்றார். வாயைத் திறக்க முடியாமல் தலையை ஆட்டினாள். அந்த ஒரு ஆட்டத்தில் அவள் வாழ்க்கை முடிவாகிவிட்டது.

ஆனால் எடுத்த வேலையில் அவள் மூழ்கிப்போனாள் என்பதையும் சொல்ல வேண்டும். மீனின் வயிற்றைக் கீறி, ஈரலின் மடிப்பில் ஒளிந்திருக்கும் அந்தப் பச்சைப் பையை உடையாமல் பிரித்து, கழுத்தை நூலால் கட்டி, ஊசி குத்தி உறிஞ்ச வேண்டும். கை கொஞ்சம் நடுங்கினாலும் மேசை, மேலங்கி, விரல் எல்லாம் பச்சை. அந்த நாற்றம் சோப்புக்குப் பயப்படாது. பேருந்தில் அவள் பக்கத்து இருக்கை எப்போதும் காலியாக இருந்தது. அதை அவள் தன் வேலையின் சலுகைகளில் ஒன்றாக எடுத்துக்கொண்டாள்.

அவளைக் கட்டிக்கொள்ளலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். இருவரும் முதன்முதலாகத் தனியாகப் பேச ஒரு தேநீர்க் கடையில் உட்கார்ந்தார்கள். "உங்க வேலை என்னன்னு சரியா புரியலை" என்று அவர் மரியாதைக்குச் சொல்லிவைத்தார்.

"எண்ணெய் தண்ணியில கரையாது இல்லையா?" என்று ஆரம்பித்தாள் பித்தம்மா. "கரையாததை உடம்பால லேசுல வெளிய தள்ள முடியாது. கொழுப்புல போய் சம்மணம் போட்டு உக்காந்துக்கும். கப்பல்லேருந்து ஒழுகற பெட்ரோலிய எண்ணெய் செவுள் வழியாவும் இரை வழியாவும் மீனுக்குள்ள போகுது. அங்க ஈரல் அதைப் பிடிச்சு வச்சு ஒரு ஆக்சிஜனை ஒட்டுது. வழுக்கற பானைக்குக் கைப்பிடி வச்ச மாதிரி. அப்புறம் அந்தக் கைப்பிடியில சர்க்கரை ஜாதியில ஒண்ணைக் கட்டிவிடுது. இப்ப தண்ணியில கரையும். நேரா பித்தப்பைக்கு அனுப்பிடும். அங்கேருந்து குடல், குடல்லேருந்து கடல்."

"அப்ப மீன் தப்பிச்சுடுதுன்னு சொல்லுங்க."

"அங்கதான் வில்லங்கம். ஒட்டறதுக்கும் கட்டறதுக்கும் நடுவுல, அந்த எண்ணெயில சிலது முன்னைவிடப் பொல்லாத விஷமா மாறி நிக்கும். கையில கிடைச்சதைப் பிடிச்சுக்கும். ஈரலோட மரபணுவையே பிடிச்சுக்கும். நாளாக ஆகப் புண்ணு வரும், கட்டி வரும். வீட்டைக் கூட்டிப் பெருக்கறவளுக்குத்தான் தூசியெல்லாம் நெஞ்சுல போகும் பாருங்க, அந்த மாதிரி."

தேநீர் ஆறி ஆடை கட்டியிருந்தது. கண்ணாடிக் கடைக்காரர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். "இவ்வளவு நேரம் பேசினீங்க, கண்ணைச் சிமிட்டவே இல்லை. உலர்ந்துபோயிருக்கும். ஒரு சொட்டு மருந்து தரேன், போட்டுக்கங்க" என்றார். திருமணம் நிச்சயமாயிற்று.

ஆய்வகத்தில் அவள் அறிக்கைகளை யாரும் படித்ததில்லை. இயக்குநர் எந்த அறிக்கையிலும் கடைசி வரியை மட்டும் பார்ப்பார். "மேலும் ஆய்வு தேவை" என்று இருந்தால் கையெழுத்துப் போடுவார். வேறு ஏதாவது இருந்தால் திருப்பி அனுப்புவார். அவள் அறைக்குள் அவர் கால் வைத்ததேயில்லை. என்றாவது ஒருநாள் யாராவது கேட்பார்கள் என்று பித்தம்மா பதில்களைத் தயாராக வைத்திருந்தாள். குளிக்கும்போது பேட்டி கொடுத்துப் பழகினாள். "நல்ல கேள்வி" என்று அவள் வாளியைப் பார்த்துச் சொல்வது கூடம் வரை கேட்கும்.

அந்தக் கேள்வி ஒருவழியாகக் கப்பலில் வந்து இறங்கியது.

ஒரு காலை, கப்பலிலிருந்து கரைத் தொட்டிக்குக் கச்சா எண்ணெய் ஏற்றும் பெருங்குழாய் வெடித்தது. எண்ணெய் நிறுவனம் அதற்குத் "துளிக் கசிவு" என்று பெயர் வைத்தது. அந்தத் துளி அலைதடுப்புச் சுவரைத் தாண்டி, மீன்பிடிப் படகுகளைச் சுற்றி வளைத்து, மணலில் ஏறி உட்கார்ந்தது. வெள்ளைப் பறவைகள் கறுப்பாயின. நிறுவனத்தின் மக்கள் தொடர்பு அதிகாரி தொலைக்காட்சியில் வந்து, நிலைமை கட்டுக்குள் இருப்பதாகச் சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் எதற்கும் சிரிப்பார். இழவு வீட்டிலும் அப்படித்தான் என்று சொல்வார்கள். ஊர் அவரைச் சிரிப்பு அதிகாரி என்றது.

மீன் சாப்பிடலாமா என்பதுதான் எல்லோருக்கும் கேள்வி. மேலிடம் ஆய்வகத்தைக் கேட்டது. ஆய்வகத்துக்கே தான் இருப்பது அன்றுதான் நினைவுக்கு வந்தது. துறைமுகத்து மீன்களைக் கூடைகூடையாகக் கொண்டுவந்து, சதையை ஒரு பிரிவும் பித்தத்தைப் பித்தம்மாவும் சோதித்தார்கள். முடிவு வந்த அன்று இயக்குநர் மூக்கில் கைக்குட்டையோடு அவள் அறைக்குள் நுழைந்தார்.

"சதை சுத்தமா இருக்காமே? எண்ணெய் பேருக்குத்தான் இருக்காமே?"

"ஆமா சார். சதை அப்படித்தான் இருக்கும். மீன் அதை மாத்தி அனுப்பிடுது. ஆனா பித்தத்தைப் பாத்தா, வழக்கத்தைவிட எக்கச்சக்கமா எண்ணெய்க் கழிவு இருக்கு. மீன் நல்லா தின்னிருக்கு சார். ஈரல் படாதபாடு படுது."

"பித்தத்தை யாரும்மா சாப்பிடறா?"

"யாரும் சாப்பிடறதில்லை."

"அப்புறம் என்ன?" கைக்குட்டைக்குப் பின்னால் அவர் முகம் மலர்ந்தது. "நாளைக்குப் பத்திரிகைக்காரங்க வராங்க. சதையைப் பத்தி நான் சொல்லிடறேன். இந்த மாத்தற விஷயத்தை நீங்க ரெண்டு வார்த்தை சொல்லுங்க. ரெண்டே வார்த்தை."

பித்தம்மா அன்று பெட்டியின் அடியிலிருந்து நல்ல புடவையை எடுத்தாள். மறுநாள் ஒலிவாங்கிகளின் முன்னால், தேநீர்க் கடையில் சொன்னதையே சுருக்கிச் சொன்னாள். "எண்ணெயை மீனோட ஈரல் உடைச்சு, கரையற மாதிரி ஆக்கி, வெளிய தள்ளிடும். ஆனா" என்று அவள் மூச்சு வாங்குவதற்குள், இயக்குநர் "நன்றி, நன்றி" என்று கைதட்டினார். வெளியே சிற்றுண்டி தயாராகியிருந்தது. "ஆனா"வுக்கு அப்புறம் அவள் சொன்னதை நாற்காலிகள் கேட்டுக்கொண்டன.

மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் அவள் படம். "எண்ணெயை ஜீரணிக்கும் மீன்கள்: பெண் விஞ்ஞானியின் கண்டுபிடிப்பு." ஒரு பத்திரிகை இன்னும் ஒருபடி மேலே போய், மீன்கள் எண்ணெயை விரும்பித் தேடி வருவதாக எழுதியது.

தலைப்பை அவள் இரண்டு முறை படித்தாள். பிறகு படத்தைப் பார்த்தாள். நன்றாகத்தான் விழுந்திருந்தது. மறுப்பு எழுத உட்கார்ந்தாள். பாதியில் தொலைக்காட்சியிலிருந்து அழைப்பு வந்தது. அங்கேயே நேரில் விளக்கிவிடலாம் என்று பேனாவை மூடினாள். தொலைக்காட்சியில், வீட்டையும் வேலையையும் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று கேட்டார்கள். மீன்களுக்கு எந்த எண்ணெய் அதிகம் பிடிக்கும் என்று கேட்டார்கள். அவள் "நல்ல கேள்வி" என்றாள், பழக்கம். விளக்கம் சொல்ல ஆரம்பித்தபோது நேரம் முடிந்தது. அடுத்து ஒரு பள்ளி, பிறகு ஒரு வங்கி, பிறகு மகளிர் சங்கம். போகிற இடமெல்லாம் சால்வை போட்டார்கள். மறுப்பை நாளைக்கு எழுதலாம் என்று தோன்றியது. நாளை என்பதில் உள்ள சௌகரியம், அது தீர்ந்துபோவதே இல்லை.

"தப்பா போட்டிருக்காங்கன்னு சொன்னியே, எழுதியாச்சா?" என்று கணவர் கேட்டார்.

"எழுதணும்."

"தூரத்துல இருக்கறது தெரியுது, கிட்டத்துல இருக்கறது தெரியலை. வயசானா எல்லாருக்கும் வர்றதுதான்" என்றார் அவர். கண்ணாடியைத்தான் சொல்கிறார் என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

சிரிப்பு அதிகாரி நேரத்தை வீணாக்குகிறவர் அல்லர். துறைமுக வாசலில் ஒரு மாபெரும் பலகை முளைத்தது. தொப்பி போட்ட மீன் ஒன்று துடைப்பத்தோடு சிரித்தது. "கவலை வேண்டாம், எங்கள் ஊழியர்கள் கடலுக்குள் வேலையில் இருக்கிறார்கள்" என்று கீழே எழுதியிருந்தது. எண்ணெயை அள்ளுவதற்கு வாடகைக்குப் பிடித்த படகுகளை நிறுவனம் நன்றி சொல்லித் திருப்பி அனுப்பியது. சம்பளம் கேட்காத, சங்கம் வைக்காத ஊழியர்கள் கிடைத்தபின் படகு எதற்கு?

இந்த நேரத்தில்தான் கொழுந்தனுக்கு ஞானோதயம் ஆனது.

கணவரின் தம்பிக்கு டயர் கடை. கடையைவிட அடுத்த கட்டிடத்திலிருந்த மதுக்கூடத்தில்தான் அவனைப் பார்க்க முடியும். ஈரல் வீங்கியிருக்கிறது, குடியை விட்டுவிடு என்று மருத்துவர் பலமுறை சொல்லியிருந்தார். விடாமல் சரிசெய்ய வழி உண்டா என்று அவன் தேடிக்கொண்டிருந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேசையில் கேட்டான்.

"அண்ணி, பெட்ரோலையே ஒரு மீன் சமாளிக்குதுன்னா, அதுக்குள்ள ஏதோ சரக்கு இருக்கணும் இல்ல? அது எங்க இருக்கு, ஈரல்லயா, பித்தத்துலயா?"

பித்தம்மாவின் கைப்பேசி அடித்தது. ஏதோ ஒரு சங்கம். "எல்லாம் கடைசியில பித்தத்துக்குத்தான் போகும்" என்று சொல்லிக்கொண்டே எழுந்து போனாள்.

அவ்வளவுதான் அவள் சொன்னது. கொழுந்தனுக்கு அது போதும். கடல் மீன் வேண்டாம், எண்ணெய் இருக்கும் என்று முன்ஜாக்கிரதையாக யோசித்து, குளத்தில் வளர்த்த பெரிய கெண்டை ஒன்றை வாங்கினான். பித்தப்பையை முழுசாக எடுத்து, பச்சையாக வாயில் போட்டு, தொண்டையில் இறங்க எது கைவசம் இருந்ததோ அதை ஊற்றிக்கொண்டான். கைவசம் எப்போதும் ஒன்றுதான் இருக்கும்.

சாயங்காலத்துக்குள் வாந்தி. வயிறு பிடுங்கியது. மறுநாள் சிறுநீர் போவது நின்றது. முகம் வீங்கி அடையாளம் தெரியாமல் போனவனை மருத்துவமனையில் சேர்த்து, குழாய்களை மாட்டி, ரத்தத்தை இயந்திரத்தில் ஓட்டிச் சுத்தம் செய்தார்கள்.

பித்தம்மா அலறியடித்துக்கொண்டு போனபோது, மருத்துவர் கட்டிலருகே நின்று விசாரித்துக்கொண்டிருந்தார். "கெண்டைப் பித்தம் சிறுநீரகத்தையே நிறுத்திடும்னு தெரியாதா? யார் சொல்லிச் சாப்பிட்டீங்க?"

கொழுந்தன் அந்த நிலையிலும் பெருமையாகக் கையை நீட்டினான். "எங்க அண்ணிதான். பேப்பர்லயே வந்துச்சே, பாக்கலையா நீங்க?"

மருத்துவர் திரும்பி அவளை மேலும் கீழும் பார்த்தார். ஓரகத்தி சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். அழுது தீர்த்திருந்த முகம். தரையைப் பார்த்தபடி பேசினாள்.

"அக்கா, நீங்க வந்த பேப்பரை நான்தான் பிரேம் போட்டு எங்க வீட்டுல மாட்டினேன். போனதும் கழட்டிடறேன். தப்பா எடுத்துக்காதீங்க."

வாழ்நாளெல்லாம் பித்தத்தைப் பற்றி நிறுத்தாமல் பேசியவள், பேச வேண்டிய ஒரு மத்தியானத்தில் எழுந்து போய்விட்டாள். வீட்டுக்கு வந்து சால்வைகளை எல்லாம் மூட்டையாகக் கட்டிப் பரண்மேல் எறிந்தாள். அந்த வாரமே மறுப்பு எழுதி எல்லாப் பத்திரிகைக்கும் அனுப்பினாள். ஒரே ஒரு பத்திரிகை அதைப் போட்டது. வாசகர் கடிதங்களில், தெருநாய்த் தொல்லைக்கும் குப்பைத் தொட்டிக்கும் நடுவில்.

கொழுந்தனுக்குச் சிறுநீர் மறுபடி போக ஆரம்பித்த சமயத்தில், சிரிப்பு அதிகாரி ஒரு பூங்கொத்தோடு ஆய்வகத்துக்கு வந்தார். நிறுவனம் மீன்குஞ்சு விடும் விழா ஒன்று நடத்தப்போகிறது. கடலில் ஊழியர்களின் எண்ணிக்கையைக் கூட்டுகிறார்கள். விழாவில் அவளுக்கு விருது. இயக்குநர் அவளுக்கும் சேர்த்து மகிழ்ச்சி தெரிவித்துவிட்டார்.

"நான் ஒரு சின்ன செயல்விளக்கம் காட்டலாமா?" என்று கேட்டாள் பித்தம்மா.

"தாராளமா, மேடம். ஜனங்களுக்குப் பாக்கறதுக்கு ஏதாவது இருந்தா நல்லது" என்று சிரித்தார் அவர்.

விழா துறைமுகத்துச் சரக்குக் கிடங்கில் நடந்தது. முன்வரிசையில் பெரிய மனிதர்கள், பின்னால் பத்திரிகைக்காரர்கள், ஓரத்தில் பிளாஸ்டிக் தொட்டிகளில் குஞ்சுகள். விருதை வாங்கி மேசையில் வைத்துவிட்டு, பித்தம்மா பையிலிருந்து இரண்டு கண்ணாடிக் குப்பிகளை எடுத்தாள். ஒன்றில் தொலைகடலில் பிடித்த மீனின் பித்தம், மற்றதில் அதே இனத்துத் துறைமுக மீனின் பித்தம்; இரண்டையும் ஒரே அளவு எரிசாராயத்தில் கரைத்துக் கொண்டுவந்திருந்தாள். விளக்குகளை அணைக்கச் சொன்னாள். புற ஊதா விளக்கைத் தட்டினாள். முதல் குப்பி மங்கலாகக் கிடந்தது. இரண்டாவது பற்றி எரிவதுபோல் நீலமாக ஒளிர்ந்தது. கிடங்கே "ஆ" என்றது.

"இது மீன் கடலைச் சுத்தம் பண்றதுக்கு அடையாளம் இல்லைங்க" என்றாள். "எண்ணெய்ல இருக்கற சில பொருளை ஈரல் மாத்தினதும், அந்த மிச்சம்தான் இப்படி ஒளிருது. நம்ம கொட்டினதுல எவ்வளவு அதோட வயித்துக்குள்ள போயிருக்குன்னு இது சாட்சி சொல்லுது. வேலை பாக்கற ஈரல் கெட்டுப்போகும். குஞ்சுகளுக்கு இன்னும் தாங்காது; முட்டைக்குள்ள இருக்கும்போதே எண்ணெய் பட்டா இதயம் கோணலா வளரும். தண்ணியில எண்ணெயை வச்சுக்கிட்டு மீனை விடாதீங்க. முதல்ல எண்ணெயை அள்ளுங்க."

இந்தத் தடவை அவள் மூச்சு வாங்கவே இல்லை; வாங்கினால்தானே கைதட்டுவார்கள்.

விளக்கு எரிந்ததும் முதலில் கைதட்டியவர் சிரிப்பு அதிகாரி. "அற்புதமான நீலம். எங்க நிறுவனத்தோட நிறமே நீலம்தான்" என்றார். எல்லோரும் எழுந்து படித்துறைக்குப் போய்க் குஞ்சுகளைக் கொட்டினார்கள். மறுநாள் அவை வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்தன. விசாரணைக் குழு, அவை குளத்துக் குஞ்சுகள் என்றும், மரணத்துக்குக் காரணம் எண்ணெய் அன்று, கடலில் இருந்த உப்பே என்றும் கண்டறிந்தது. உப்புக்கு நிறுவனம் பொறுப்பல்ல.

ஆனால் பத்திரிகைகள் வேறு கதை எழுதின. "துறைமுக மீன்கள் இருட்டில் ஒளிர்கின்றன." படத்தில் நீலக் குப்பியும், அதன் வெளிச்சத்தில் பேய்போலப் பித்தம்மாவும்.

இரண்டு நாளில் ஊரில் கள்ளநோட்டுப் பார்க்கும் புற ஊதா விளக்குக்குத் தட்டுப்பாடு வந்தது. மீன் சந்தைக்கு வந்தவர்கள் எல்லாம் ஆளுக்கொரு விளக்கோடு வந்தார்கள். செதிலில் அடித்தார்கள், கண்ணில் அடித்தார்கள், செவுளைத் தூக்கி அடித்தார்கள். மீனில் ஏதோ ஓர் இடம் எப்படியும் மினுங்கத்தான் செய்யும். ஒருவருக்கு அவர் சட்டையே மினுங்கியது; சலவைத்தூள் செய்த வேலை. அவர் வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு மருத்துவரைப் பார்த்தார். எண்ணெய் படாத தொலைகடல் மீனும் விலைபோகாமல் ஐஸில் கிடந்து விறைத்தது.

மீன்காரம்மா ஒருத்தி பித்தம்மாவின் வீட்டு வாசலில் கூடையோடு வந்து இறங்கினாள். இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"நீதானே அந்த விளக்கம்மா?"

"நான்தாங்க. உள்ள வாங்க."

"உள்ள எல்லாம் வரலை. முதல்ல மீனு எண்ணெயைத் தின்னுடும்னே. சரின்னு ஜனம் வாங்கிச்சு. இப்ப மீனு எரியுதுன்றே. ஒருத்தன் கிட்ட வரமாட்டேங்கறான். எதும்மா நிஜம்? ஒண்ணைச் சொல்லு. நான் வியாபாரத்தை விடறதா வேணாமா?"

பித்தம்மா வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். "ரெண்டுமே நான் சொல்லலைங்க" என்றாள். சொல்லும்போதே அது எவ்வளவு மட்டமான பதில் என்று அவளுக்குத் தெரிந்தது.

"சொன்னியோ சொல்லலையோ, உன் மூஞ்சிதானே போட்டிருக்கான். வந்து நீயே சொல்லு."

மறுநாள் காலை பித்தம்மா சந்தைக்குப் போனாள். மீன்காரம்மா கவிழ்த்துப் போட்ட ஒரு பெட்டிமேல் உட்கார்ந்தாள். வருகிறவர்களைப் பிடித்துப் பிடித்துச் சொன்னாள். "விளக்கை உள்ள வைங்க. தோலுல மினுங்கறதுக்கும் எண்ணெய்க்கும் சம்பந்தமில்லை. இந்த மீன் தூரத்துக் கடல்லேருந்து வந்தது, பயமில்லாம சாப்பிடுங்க. துறைமுகத்து மீனா இருந்தா சதை மட்டும். குடலு, ஈரலு, பித்தப்பை எதுவும் வேண்டாம். பித்தப்பையை எந்த மீன்லயும் சாப்பிடாதீங்க. எங்க வீட்டுலயே ஒருத்தர் ஆஸ்பத்திரியில கிடந்து வந்தாரு."

பாதிப் பேர் கேட்டார்கள். பாதிப் பேர் அவள் நிறுவனத்தின் ஆள் என்று சந்தேகப்பட்டுப் போனார்கள். ஒரு பெரியவர் விளக்கை அவள் முகத்தில் அடித்துப் பார்த்துவிட்டு நகர்ந்தார்.

இதற்கிடையே ஒரு நிருபர், எண்ணெய் நிறுவனத்தின் உணவகத்திலேயே துறைமுக மீனை நிறுத்திவிட்டுக் கோழி போடுகிறார்கள் என்பதைக் கண்டுபிடித்து எழுதினார். அது தீயாய்ப் பரவியது. விடுதிகள், ஏற்றுமதிக்காரர்கள், மீன்பிடிப் படகுச் சங்கம் என்று எல்லோரும் நிறுவனத்தின் வாசலில் வந்து நின்றார்கள். தொப்பி போட்ட மீனின் பலகை இறங்கியது. திருப்பி அனுப்பப்பட்ட படகுகள் திரும்ப வந்தன. மிதவை வேலி போட்டு எண்ணெயை ஒதுக்கி, அள்ளி, பாறைகளைத் துடைத்து, மழைக்காலம் வருவதற்குள் தண்ணீர் பார்க்கிற மாதிரி ஆகிவிட்டது. எல்லாவற்றையும் சிரிப்பு அதிகாரி கூடவே நின்று சிரித்தபடி படம் எடுக்க வைத்தார்.

இயக்குநருக்குப் பதவி உயர்வு வந்தது. விடைபெறப் போன பித்தம்மாவிடம் அவர் கொஞ்சம் மனம்விட்டுப் பேசினார்.

"ஒண்ணு கவனிச்சீங்களா? நீங்க சொன்னதை அவங்க சரியா புரிஞ்சுக்கிட்டிருந்தா, ஒரு படகுகூட வந்திருக்காது. நம்ம ரிப்போர்ட் மாதிரி படிச்சுட்டு வச்சிருப்பாங்க."

"சார், நீங்க படிச்சீங்களா?"

"கடைசி வரி படிச்சேன்" என்று அவர் உண்மையைச் சொன்னார்.

அவர் சொன்னது அவளைக் கொஞ்ச நாள் அரித்தது. ஒரு பொய் எண்ணெயைத் தண்ணீரிலேயே விட்டுவைத்தது. இன்னொரு பொய் அதை அள்ள வைத்தது. உண்மை நடுவில் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து தொண்டை வறளக் கத்திக்கொண்டிருந்தது. இதை யாரிடம் சொல்லி அழுவது என்று தெரியாமல் கணவரிடம் சொன்னாள். அவர், "நாளைக்கும் சந்தைக்குப் போறியா? குடையை எடுத்துக்கோ" என்றார்.

போனாள். ஊர் விளக்குகளை மறந்து மறுபடி மீன் வாங்கத் தொடங்கும் வரை போனாள். கொழுந்தன் பிழைத்துக்கொண்டான். இந்த அனுபவத்துக்குப் பிறகு அடியோடு விட்டுவிட்டதாக எல்லோரிடமும் சொல்கிறான், விட்டது மீனை. ஓரகத்தி பழையபடி பேச வெகுகாலம் ஆயிற்று. பேச ஆரம்பித்ததும் முதலில் கேட்டது, மீன்காரம்மாவிடம் தனக்கும் சேர்த்து நல்ல மீன் சொல்லிவைக்க முடியுமா என்று.

சந்தையில் ஒருநாள் ஒரு பெண், சிப்பி வாங்கலாமா என்று கேட்டிருந்தாள். "சிப்பி மட்டும் இன்னும் கொஞ்ச காலம் வேண்டாம்" என்று பித்தம்மா சொன்னாள். ஏன் என்று கேட்டபோது, புத்தகத்தில் படித்ததைத்தான் சொல்ல முடிந்தது, தானே பார்த்ததில்லை. அந்தக் கேள்வி மனதில் கிடந்து குடைந்தது. புதிய இயக்குநரிடம் அனுமதி கேட்டாள். அவருக்கும் சிப்பி பற்றி எதுவும் தெரியாது என்பதால் உடனே கிடைத்தது.

"சிப்பிக்கு ஈரல் கிடையாதா?" என்று காலையில் காபியோடு கேட்டார் கணவர்.

"ஈரல் மாதிரி ஒண்ணு இருக்கு. மீனுக்கு இருக்கற சாமர்த்தியம் அதுக்கு இல்லை. உள்ள போன எண்ணெயை மாத்தவும் தெரியாது, சட்டுனு தள்ளவும் தெரியாது. பெரும்பாலும் அப்படியே சதையில வச்சுக்கிட்டு உக்காந்திருக்கும். எப்ப தொறந்தாலும், என்ன குடிச்சதோ அதைக் காட்டும்."

"பேட்டிக்கு ஆள் வராதே."

"வராது."

அவள் முழங்கால் வரை ரப்பர் காலணியை இழுத்து மாட்டிக்கொண்டாள். கடல் உள்வாங்கியிருந்த நேரம். வாளியையும் ஒரு பழைய இரும்புச் சுரண்டியையும் எடுத்துக்கொண்டு, பாறைகளில் ஒட்டிக்கிடந்த சிப்பிகளைப் பெயர்க்கக் கிளம்பினாள்.